முதல் சைக்கிளுக்குப் பின்னால் ஓடுகிறவர்கள்

சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் விற்கிறவனுக்குத் தன் வாடிக்கையாளர் யார் என்பது கடைசிவரை தெரியாது. வாங்க வந்தவர் அப்பா, வேண்டாம் என்று தலையாட்டுகிறவர் அம்மா, தரையில் உருண்டு அழுகிறது பிள்ளை. இதற்குள் வழியில் போகிறவர் ஒருவர் எட்டிப் பார்த்து, மட்டக்களப்பு ரவுணில் இதைவிட நல்லது இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். கடை வைத்துக் கஷ்டப்படுகிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

என் கடை குருக்கள்மடத்தில், பிரதான வீதியிலிருந்து துறைக்கு இறங்கும் றோட்டு மூலையில் இருக்கிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் விசாரித்துக் களைத்தவர்கள் கடைசியாக எட்டிப் பார்க்கிற இடம் அது. வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போகிறவர்களும் பாதை வரும்வரை என் கடை முன் மர வாங்கிலில்தான் குந்தியிருப்பார்கள். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதவையை. கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. சீற்றில் இருந்தபடி பிள்ளையின் இரண்டு காலும் நிலத்தில் ஊன்ற வேண்டும். "வளர்ற புள்ளதானே, பெரிசாத் தாங்க" என்று வருகிற அப்பாமாரோடு மல்லுக்கட்டியே என் தொண்டை பாதி போய்விட்டது.

ஆனாலும் இந்தத் தொழிலில் நான் வாயடைத்து நின்ற சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு நீலச் சைக்கிள் என் கடைக் கூரை வளையில் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தவை.

குவைத்திலிருந்து வந்த ஓடர்

ஒரு மத்தியானம் வட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. ரஜனி என்று பெயர் சொன்னாள். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாளாம். கடைப் பலகையை யாரோ படம் எடுத்து அனுப்பியதில் என் நம்பர் கிடைத்திருக்கிறது. மகன் டிலக்சன் தவழ்கிற காலத்தில் விட்டுவிட்டுப் போனவள், இடையில் ஒரே ஒரு முறை வந்து போயிருக்கிறாள். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். அக்கரையில் அவளுடைய அக்காதான் வளர்க்கிறாள். போனைக் கொடுத்தால் வாங்காமல் ஓடிவிடுகிறானாம். வைகாசியில் லீவில் வருகிறேன், அதுவரை ஒரு நல்ல சைக்கிளை எடுத்து வையுங்கள், அக்காவுக்குக்கூடச் சொல்லக்கூடாது என்றாள்.

நான் என் சட்டத்தைச் சொன்னேன். பிள்ளையின் கால் அளவு தெரியாமல் சைக்கிள் தருவதில்லை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவளுக்கும் அந்த அளவு தெரியாது. வாய்க்குள் வந்த அதட்டலை விழுங்கிக்கொண்டு, வேறு எங்காவது வாங்கி அனுப்பலாமே, வருகிறவரை ஏன் காத்திருக்கவேண்டும் என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவன் நடந்த முதல் நாளும் நான் இல்ல, பள்ளிக்குப் போன முதல் நாளும் நான் இல்ல அண்ணன். இந்த முதல் சைக்கிளாவது என்ட கையால இரிக்கட்டும்."

பெரியம்மா பார்த்த பார்வை

பிள்ளையை அளக்கவேண்டுமே. அக்காவும் டிலக்சனும் பாதைக்குக் காத்திருக்க வருவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை வந்தார்கள், பிள்ளையின் காலில் பள்ளிச் சப்பாத்து. "மனே, சும்மா ஏறிப் பாருங்க, காசு இல்ல" என்று பிள்ளையைக் கூப்பிட்டேன். கடையில் இருந்த அத்தனை சைக்கிளிலும் ஏறி இறங்கினான். எதில் அவன் கால் சரியாக ஊன்றுகிறது என்று கள்ளமாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். பெரியம்மா வாங்கிலில் இருந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கட்டுமஸ்தான மனிசி, வாய் மட்டும் குறைவு.

மறு கிழமை அவள் தனியாக வந்தபோது நீலச் சைக்கிள் வளையில் தொங்கியது. 'விற்றாச்சு' என்று மட்டை கட்டியிருந்தேன். ஆருக்கு என்று கேட்டாள். ஓடர் என்றேன். பொய் சொல்லத் தெரியாதவன் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் என் முகம் இருந்திருக்கவேண்டும். அவள் எழுந்து வந்து, சில்லை ஒருதரம் சுற்றிவிட்டு, சீற்றை அண்ணாந்து பார்த்தாள். பாதை வரும் சத்தம் கேட்டதும் பையை எடுத்தாள்.

"ஆருட புள்ளைக்கு எண்டாலும் சீற்றக் கொஞ்சம் பதிச்சு வையுங்க. பள்ளிச் சப்பாத்தக் கழட்டினா அந்தப் புள்ளைக்குக் கால் எட்டாது."

இரண்டு ஈர்க்கு

வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி ஒருவர். வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு மகளுக்குச் சைக்கிள் வாங்க வந்திருந்தார். மகளைக் கூட்டி வரவில்லை. பிள்ளை இல்லாமல் நான் விற்கமாட்டேன் என்று ஆரம்பித்தேன். அவர் சேட்டுப் பையிலிருந்து இரண்டு தென்னை ஈர்க்கை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று குட்டை, மற்றது கொஞ்சம் நெட்டை. மகள் நித்திரையில் இருக்கும்போது அளந்து முறித்தது குட்டை. சரி, அது விளங்கியது. நெட்டை எதற்கு என்று கேட்டேன். அது அடுத்த வெட்டு நேரம் அவளுடைய கால் வந்து நிற்கப்போகிற அளவாம். சீற் முதல் ஈர்க்கில் தொடங்கி இரண்டாவது ஈர்க்கு வரைக்கும் உயரவேண்டும் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனிதர் பகிடி விடவில்லை. வயல் வட்டைக்குள் இறங்கி நின்று பயிர் முழங்காலுக்கு எட்டுவதைப் பார்த்து விளைச்சல் சொல்கிறவர், பிள்ளையையும் அதே கண்ணால்தான் பார்க்கிறார். நானோ என் சொந்த மகள் வளர்ந்ததை அவளுடைய சட்டை சிறுத்த பிறகுதான் கண்டவன். பேசாமல் அவர் கேட்டபடியே சைக்கிள் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வெட்டு முடிய, சொன்னபடி மகளோடு வந்தார். ஈர்க்கையும் மறக்காமல் கொண்டு வந்திருந்தார். பிள்ளையை நிறுத்தி வைத்துப் பிடித்துப் பார்த்தோம். கால் ஒரு விரல்கடை குறைவு. இத்தனை கிட்டத்தில் வந்ததே எனக்குப் பெரிய ஆச்சரியம். அவருக்கு அது தோல்வி. தலையைச் சொறிந்துகொண்டு வானத்தைப் பார்த்தார்.

"இந்தமுறை மழை பிந்திட்டு அண்ணன்."

மணிச் சத்தம் கேட்டவள்

காத்தான்குடியிலிருந்து புடவைக்கடைக்காரர் ஒருவர் வேனில் குடும்பத்தோடு வந்தார். கடைக்குட்டி மகளுக்கு முதல் சைக்கிள். அவர் சில்லைப் பார்த்தார், மனைவி நிறத்தைப் பார்த்தார், மூத்த பிள்ளைகள் ஆளுக்கொன்றைப் பிடித்து இழுத்தார்கள். கடைக்குட்டி ஒன்றையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு சைக்கிளாகப் போய் மணியை அடித்தாள், காதைக் கொடுத்துக் கேட்டாள், அடுத்ததுக்குப் போனாள். கடை முழுக்க ஒரே கிணுகிணுப்பு. என் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் வளையில் தொங்கிய நீலச் சைக்கிளைக் காட்டினாள். வாப்பா அவளைத் தூக்கிப் பிடித்தார். அடித்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "மத்ததெல்லாம் கத்துது வாப்பா, இது கூப்பிடுது" என்றாள். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அது வேறொரு பிள்ளைக்கு, அவனுடைய உம்மா குவைத்திலிருந்து வந்து எடுக்கப்போகிறா என்று விளக்கினேன். வேண்டுமானால் மணியை மட்டும் கழற்றித் தருகிறேன் என்றேன். வாப்பா சரி என்று தலையாட்டப் போனார். அவள் தன் கையைப் பின்னுக்கு எடுத்துவிட்டாள். அந்த வயதில் கையில் கிடைத்த ஒரு சாமானை வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"வேணாம். அது அவனத்தான் கூப்பிடுது."

தேசிக்காய் நசுங்கிய அன்று

வைகாசியில் ரஜனி வந்தாள். மெலிந்த பெண். புதுச் செருப்பு, கையில் சில்லுக்கடியில் வைத்து நசுக்கத் தேசிக்காய். அக்காவும் டிலக்சனும் கூட வந்தார்கள். பிள்ளை பெரியம்மாவின் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு நின்றான். அம்மாவைக் குவைத்தம்மா என்றுதான் சொன்னான், அதையும் பெரியம்மாவிடம்தான் சொன்னான். நான் சைக்கிளை இறக்கி வைத்தேன். அவன் கண் விரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். இரண்டு காலும் நிலத்தில் ஊன்றின. ரஜனி குந்தியிருந்து அந்தப் பாதங்களையே பார்த்தாள். தொடுவதற்குக் கை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டாள்.

தேசிக்காய் நசுங்கியது. பக்கத்துச் சின்னச் சில்லுகளைக் கழற்றச் சொன்னான் டிலக்சன், அது சின்னப் பபாக்களுக்காம். கழற்றினேன். "பெரியம்மா புடிங்க" என்றான். பெரியம்மா சீற்றைப் பிடித்துக்கொண்டு துறை றோட்டில் நாலு எட்டு ஓடினாள். திடீரென்று "ஐயோ, முழங்கால்!" என்று கத்திக்கொண்டு றோட்டோரத்தில் இருந்துவிட்டாள். "நீ புடி புள்ள, விழப்போறான்!"

ரஜனி செருப்பை உதறி எறிந்துவிட்டுப் பாய்ந்து பிடித்தாள். தார் றோட்டு, உச்சி வெயில். வெறுங்காலோடு துறைவரை ஓடினாள். திரும்பி ஓடி வந்தாள். மறுபடியும் ஓடினாள். அந்தக் காலை அவள் எங்கே வைக்கிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நான் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றேன். ஒரு கட்டத்தில் சைக்கிள் அவள் கையைவிட்டுப் போய்விட்டது. பிள்ளை தன்பாட்டில் ஓடினான். துறையில் கிறுகித் திரும்பினான். பிறேக் பிடிக்க நாங்கள் யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை. நேரே வந்து அம்மாவின் மேல் விழுந்தான். இரண்டு பேரும் றோட்டில். அவன் எழுந்து முதலில் சைக்கிளைப் பார்த்தான், பிறகு பெரியம்மா இருந்த பக்கம் பார்த்தான், பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"எழும்புங்க குவைத்தம்மா, இன்னொருக்காப் புடிங்க. பெரியம்மாவுக்கு ஓட ஏலா."

பாதை வெளிக்கிட்ட நேரம்

பின்னேரம் தாயும் மகனும் சைக்கிளோடு முந்தித் துறைக்குப் போனார்கள். அவன் ஓட்டினான், அவள் சீற்றில் ஒரு கையை வைத்தபடி பக்கத்தில் ஓடினாள். பெரியம்மா கழற்றிய சின்னச் சில்லுகளைப் பேப்பரில் சுற்றி வாங்க நின்றாள். நான் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கையில் பாதை வெளிக்கிடுகிற சத்தம் கேட்டது. பெரியம்மா பொட்டலத்தைப் பறித்தாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், எடுத்தாள் ஓட்டம். அம்மாடி, அப்படி ஒரு ஓட்டம்! எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஒதுங்கி வழிவிட்டான்.

"அக்கா, முழங்கால்?" என்று என்னையறியாமல் கூப்பிட்டுவிட்டேன். நின்றாள். பாதையைப் பார்த்தாள். அங்கே டிலக்சன் மணி அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரஜனி கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் இரவெல்லாம் விழித்தவள் இந்த மனிசி. அவன் நடந்தபோது கை பிடித்தவள், பள்ளிக்குக் கூட்டிப் போனவள். பின்னால் ஓடுகிற அந்த இடம் அவளுடையது. அதை ஒரு பொய்யைச் சொல்லி தங்கச்சிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொன்னாள்.

"கால் நல்லாத்தான் இரிக்கி அண்ணன். போனமுறை அவள் பயணம் போகக்குள்ள இவன் சிரிச்சிச் சிரிச்சி டாட்டா காட்டினான். அவள் பிளேன் ஏறும்வரைக்கும் அதைச் சொல்லித்தான் அழுதாள். இந்தமுறை இவன் அழட்டும்."

பிள்ளையின் முதல் சைக்கிளை எங்கே வாங்குவது என்று இப்போதும் வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். ரவுணிலும் வாங்கலாம், கல்முனையிலும் வாங்கலாம், மனமிருந்தால் என்னிடமும் வாங்கலாம், ஆனால் எங்கே போனாலும் நேரம் பார்த்து முழங்கால் வலிக்கிற ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் நான் சொல்லி வருகிறேன்.