தம்பிக்கு பஸ், எனக்குச் சரளைப்பாதை

எங்கள் தீவில், சிப்பிகாடு என்ற ஊரில், வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தார்ச்சாலையில் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் பஸ். மற்றது, வயல்களுக்கு நடுவே கால்வாய்க் கரையோடு நேராகப் போகும் சரளைப்பாதை. பஸ் தம்பிக்கு, சரளைப்பாதை எனக்கு என்று அம்மா பிரித்துக் கொடுத்திருந்தாள். பாகப்பிரிவினையில் மூத்தவளுக்கு என்ன கிடைக்கும் என்பதை நான் பதினொரு வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. சுனாமி அலை வந்த மறுவருடம் நிவாரணச் சாமான்களோடு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது. பெல் கிடையாது, பின்பிரேக் நினைத்தால் பிடிக்கும். சரளைக்கல் மேல் முன்பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். டிராக்டர் சக்கரம் போய்ப் போய்ப் பதிந்த தடத்தை விட்டு இம்மி விலகாமல் போனால் தப்பிக்கலாம். என் இரண்டு முழங்கால்களிலும் அந்தப் பாடத்தைப் படித்த அடையாளம் இன்னும் இருக்கிறது.

பாதையின் இருபுறமும் ஒரு காலத்தில் நெல் விளைந்ததாம். நிலநடுக்கத்தில் எங்கள் பக்கத்துப் பூமி தாழ்ந்துவிட்டது. அதன் பிறகு கடல் கால்வாய் வழியாக வயலுக்குள் வந்து, தன் வீடுபோல இருந்துவிட்டுப் போகப் பழகிவிட்டது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பாதையே தண்ணீருக்குள் போய்விடும். பாதை எது, கால்வாய் எது என்று தெரிவதற்காக ஓரத்தில் மூங்கில்களை நட்டு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். பாதி வழியில் பழைய மதகு. கதவைக் கடல் கொண்டுபோய்விட்டது, சிமெண்ட் மேடை மட்டும் நின்றது. அதன் பக்கத்தில் வாயைப் பிளந்த முதலைப் படம் போட்ட மஞ்சள் பலகை. அந்த முதலையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடலாம் என்றால், சரளையில் கண்ணை மூட முடியாது.

"ஏன் தம்பிய நான் கேரியர்ல கூட்டிட்டுப் போகக்கூடாது?" என்று அம்மாவிடம் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"கேரியர் ஆடுது புள்ள."

அதே கேரியரில் அப்பா ஐம்பது கிலோ அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு வருவார். அப்போது அது ஆடாது.

சைக்கிள் என்று மட்டும் இல்லை. கடலுக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகும்போது, சாத்தம் படகுத்துறையில் அம்மா தம்பியோடு முதல் ஃபெர்ரியில் ஏறிவிடுவாள். நானும் அப்பாவும் அடுத்ததில் வர வேண்டும். அந்த ஃபெர்ரி லாரியையே ஏற்றிக்கொண்டு போவது. எனக்கு மட்டும் அதில் இடம் இல்லாமல் போய்விடும். மழைக்காலத்தில் எனக்கு பஸ் கிடைக்கும், தம்பி அப்பாவோடு சைக்கிளில் போவான் என்பது உண்மைதான். ஆனால் மனக்குறை உள்ளவர்கள் தங்களுக்குச் சாதகமில்லாததை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

எங்கள் ஆட்கள் இலங்கையில் மலைத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்கள். கடற்கரையில் குடியிருந்தும் கடலோடு பேச்சுவார்த்தை இல்லை. அம்மா கடலைக் கடல் என்றே சொல்ல மாட்டாள், 'தண்ணி' என்பாள். அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பெரியம்மாவின் இரண்டு பையன்களும் ஒன்றாகக் கைகோத்துக்கொண்டு கரைப்பக்கம் போனார்கள், இரண்டு பேருமே திரும்பவில்லை. அதன் பிறகு பெரியம்மா எங்களோடு சிப்பிகாட்டுக்கு வந்துவிட்டாள். வாசலில் உட்கார்ந்து, யார் வீட்டுக்குள் வந்தாலும் அவர்களுக்குப் பின்னால் பார்ப்பாள். அதைப் பெரியம்மாவின் பழக்கம் என்று மட்டுமே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அலை வந்து நாலு வருடம் கழித்து, அரைப்பரீட்சை நடந்த ஒரு பௌர்ணமி வாரம். பரீட்சை நாட்களில் காலையிலேயே விட்டுவிடுவார்கள். அன்று கடைசிப் பரீட்சை, இந்தி. எழுதி முடித்து வெளியே வந்தால், பஸ் நிற்கும் இடத்தில் தம்பி மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பஸ் வரும் வழியில் பத்துபஸ்தியிலேயே பழுதாகி நின்றுவிட்டதாம். மற்ற பிள்ளைகளை யார் யாரோ வந்து கூட்டிப் போய்விட்டார்கள். அவனுக்கு எட்டு வயது.

நான் பெரிய மனுஷியாகக் கேரியரைத் தட்டிக் காட்டினேன். "ஏறு. ஆடுதான்னு பாப்போம்."

"அம்மா திட்டும்."

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஏறுடா."

ஆடவில்லை. காலை அகட்டி வைத்துக்கொண்டு என் சட்டையைப் பின்னால் பிடித்திருந்தான். சரளை சக்கரத்துக்கு அடியில் நறநறவென்று அரைபட்டது. கனம் கூடியதில் சைக்கிள் உண்மையில் இன்னும் அடக்கமாகத்தான் போனது. இத்தனை நாள் அம்மா சொன்னது பொய் என்று நிரூபித்துவிட்ட சந்தோஷத்தில் நான் வேகமாக மிதித்தேன். வீட்டில் இதற்கு என்ன கிடைக்கும் என்று தெரியும்.

மதகுக்கு முன்னால் பாதையில் தண்ணீர் நின்றது. கணுக்கால் அளவுதான் இருக்கும். முந்தாநாள் பரீட்சை முடிந்து இதே நேரத்துக்கு நான் வந்தபோதும் அப்படித்தான் இருந்தது. மதகு மேல் உட்கார்ந்து ஒரு நெல்லிக்காயைத் தின்று முடிப்பதற்குள் வடிந்து, கல்லெல்லாம் வெளியே தெரிந்தது. ஆகவே எனக்கு எல்லாம் தெரியும்.

"பத்து நிமிஷம் மதகுல நிப்போம். தானா வடிஞ்சிரும்" என்றேன்.

கடல் ஏறி இறங்கும் நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி என்று தள்ளிப்போகும் என்பது மீன்பிடிக்கிற வீட்டில் தவழும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மலையிலிருந்து வந்தவர்கள் வீட்டில் அதை யார் சொல்லித் தருவார்கள்? முந்தாநாள் இந்த நேரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர், அன்றைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

சைக்கிளை உருட்டிக்கொண்டு மதகுக்குப் போய், தம்பியை மேடை மேல் ஏற்றினேன். பத்து நிமிடம் ஆனது. பலகையில் இருந்த முதலையின் கால் நனைந்தது. இதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். வயிறு நனைந்தது. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். பாதை இல்லை, வெள்ளைத் துணி கட்டிய மூங்கில்கள் மட்டும் தண்ணீரில் இரண்டு வரிசையாக நின்றன. வீட்டுப் பக்கமும் அப்படியே. கால்வாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் பாதையைக் கடந்து போனது, காய்ந்த இலைகளைத் தூக்கிக்கொண்டு. என் காலுக்கு அடியில் கற்கள் ஒவ்வொன்றாக நகர்வது தெரிந்தது. சைக்கிளை விட்டுவிட்டு நானும் மேடை மேல் ஏறியிருக்கலாம். சைக்கிள் போய்விட்டால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றேன்.

தம்பி மேடை விளிம்பில் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, இது அந்தத் தண்ணியா?"

"இல்லடா. இது சும்மா தண்ணி."

சொல்லிவிட்டேனே தவிர, ஹேண்டில்பாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சும்மா தண்ணீர் எப்படி இருக்கும், அந்தத் தண்ணீர் எப்படி வரும் என்று எனக்கும் தெரியாது. அன்று அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை.

அப்போதுதான் வீட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வருவதைப் பார்த்தோம். முன்னால், எங்களுக்கு அடுத்த வீட்டில் வாத்து வளர்க்கும் பெங்காலிக்காரர், நீளமான மூங்கிலால் பாதையைக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னால் அம்மா. பஸ் வரவில்லை என்று தெரிந்ததும் ஓடி வந்திருக்கிறாள். கச்சாலை விட்டு வந்த பிறகு கால் நனையும் அளவுக்குக்கூட அவள் கடல் தண்ணீரில் இறங்கி நான் பார்த்ததில்லை. புடவை இடுப்புவரை நனைந்திருந்தது.

மேடைக்கு வந்ததும் அவள் தம்பியைத் தொட்டாள். என்னைத் தொட்டாள். பிறகு கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்லயா வந்தீங்க?"

"கேரியர் ஆடலம்மா. நல்லா இறுக்கமாத்தான் இருக்கு."

"ரெண்டு பேரும் ஒண்ணாவா வந்தீங்க?"

காதில் விழவில்லை போலும் என்று நினைத்து, கேரியரைப் பற்றி இன்னொரு முறை விளக்கினேன். அவள் மூன்றாம் முறையும் அதையே கேட்டாள்.

பெங்காலிக்காரர் அவசரப்படுத்தினார். தம்பி தோள் மேல், நான் ஒரு கையில், அம்மா பின்னால், எல்லாரும் ஒன்றாகப் போய்விடலாம் என்பது அவர் யோசனை. "சலோ தீதி, ஜல்தி. பானி அவுர் சடேகா" என்றார். தண்ணீர் இன்னும் ஏறும் என்கிறார்.

அம்மா தலையை ஆட்டினாள். அவளுக்குத் தெரிந்த இந்தி கடைக்குப் போகிற அளவுதான். அதை வைத்துக்கொண்டு சொன்னாள். "நஹி பையா. ஏக் சாத் நஹி. அலக் அலக்."

ஒன்றாக வேண்டாம், தனித்தனியாக. அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மூங்கிலால் குத்திக் குத்திப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இங்கேயும் அவன்தான் முதல் ஃபெர்ரியா? முதலையின் பிளந்த வாய் வரைக்கும் தண்ணீர் வந்திருக்கிறது, நான் இரண்டாவது. அம்மா என்னைத் தூக்கி மேடை மேல் நிறுத்தி, சைக்கிளை ஒரு மூங்கிலில் சாத்தினாள். பிறகு தண்ணீரில் நின்றபடியே என் இரட்டைச் சடையில் ஒன்றைப் பிடித்துத் தன் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். தலைமயிர் வேரோடு வருவதுபோல வலித்தது. தண்டனை ஆரம்பமாகிவிட்டது என்று நினைத்தேன். "வலிக்குதும்மா" என்று சொன்னேன். அவள் விடவில்லை. தண்ணீர் இழுக்கும்போதெல்லாம் அவள் கால் சரளையில் சறுக்கும், கை இன்னும் இறுகும். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குளிர்கிறது என்று நினைத்தேன்.

பெங்காலிக்காரர் திரும்பி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார். அப்போதும் அம்மா சடையை விடாமல் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

வீட்டில் பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். தம்பி முதலில் தனியாகப் போய் இறங்கியபோது, "மத்தது எங்க?" என்று கேட்டு, அவன் பதில் சொல்வதற்குள் தெருவில் இறங்கி ஓடப் பார்த்தாளாம். நான் வந்து சேர்ந்ததும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். உள்ளே போய்ச் சூடாகத் தேத்தண்ணி போட்டாள். நான் விளக்குமாற்றால் நாலு அடி வாங்கிக்கொண்டேன். அடித்துக்கொண்டே அம்மா அழுதாள். அடிபட்டவள் நான், அழுகிறவள் அவளா என்று அதற்கும் எனக்குக் கோபம்.

மறுநாள் சைக்கிள் திரும்பி வந்தது. சங்கிலியில் உப்புப் பூத்திருந்தது. பஸ் தம்பிக்கு, சரளைப்பாதை எனக்கு என்ற ஏற்பாடும் அப்படியே தொடர்ந்தது.

அதை வைத்து எத்தனையோ வருடம் அம்மாவைக் குத்திக்காட்டியிருக்கிறேன். பண்டிகை என்றால், விருந்தாளி வந்தால், எனக்குக் கல்யாணம் பேசிய நாளில்கூட. "ஆபத்துன்னு வந்தப்ப நீ யாரைக் கரையேத்துன, யாரை மதகுல விட்டன்னு எனக்குத் தெரியாதா?" அம்மா ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை. பெரியம்மா இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்வாள்.

தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு போனவர் பக்கத்து வீட்டுக்காரர். அம்மா அவரோடு போகவில்லை. ஏறுகிற தண்ணீரில் என்னோடுதான் நின்றாள். இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல, நானே கண்ணால் பார்த்தது. ஆனால் கதையைச் சொல்லும்போதெல்லாம் அதையும், பெரியம்மாவின் பையன்கள் ஒன்றாகப் போனதையும் விட்டுவிட்டு, சடை வலித்ததை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.