லத்விய மொழியில் ஒரு வாழ்த்து

பத்து வயதில் எனக்கு லத்விய மொழியில் மூன்று சொற்கள் தெரிந்திருந்தன. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அடுக்குமாடியில் வேறு எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் அவை தெரியாது. அந்த வயதில் ஒருத்திக்குத் தலைக்கனம் வர அது போதும். எனக்கும் வந்தது.

அந்தச் சொற்கள் எனக்கு வேண்டியிருந்ததற்குக் காரணம் லண்டனில் இருந்த பெரியம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கோல் எடுப்பார். அம்மாவிடம் இரண்டு நிமிடம் சுகம் விசாரித்ததும் "பிள்ளை எங்கை?" என்று கேட்பார். உடனே அம்மா போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க என்னைத் தேடுவார். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் போன் அங்கே வரும். ஒருமுறை குளியலறைக் கதவிடுக்காலும் வந்தது. பெரியம்மா ழகரங்களால் நிறைந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல்வார். கிழவன், வாழைப்பழம், வழுக்கி விழுவது எல்லாம் அதில் உண்டு. என் நாக்கில் கிழவன் கிலவனாகிவிடுவான். பெரியம்மாவுக்குப் பின்னால் சோபா முழுக்க உட்கார்ந்திருக்கும் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். "இன்னொருக்காச் சொல்லு பாப்பம்" என்பார் பெரியம்மா. அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். வெட்கப்படுகிறாள் என்றார்கள். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். வாய் காட்டுகிறேன் என்று அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பெரியவர்களைப் பார்த்து 'என்னை விடுங்கோ' என்று சொல்ல, தெரிந்த இரண்டு மொழியிலும் வழியில்லை.

அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். அங்கிருக்கும் வயோதிபர்களைக் காலையில் எழுப்பி, குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றிச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டி வருகிற வேலை. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்ததும் யாராவது ஒரு அன்ரி என்னைத் தன் காரில் கொண்டுபோய் அங்கே இறக்கிவிடுவார். அம்மாவுக்கு மூன்று மணிக்கு வேலை முடியும்வரை வாசல் மண்டபத்தில் இருப்பேன். அங்கேதான் இல்ஸேயைச் சந்தித்தேன். அவளுக்கும் என் வயதுதான். அவளும் காலையில் லத்விய வகுப்புக்குப் போய்விட்டு, பன்னிரண்டாம் அறையில் இருந்த, தன் பாட்டியின் தாயான பூட்டியைப் பார்க்க வருவாள். பார்த்து முடிந்ததும் அவளுடைய அம்மா பக்கத்துக் கடையில் சாமான் வாங்கப் போய்விட, இவள் மண்டபத்தில் என்னோடு இருப்பாள். சனிக்கிழமையைப் பறிகொடுத்த இரண்டு பேர் சிநேகிதிகளாக அதிக நேரம் எடுக்கவில்லை.

அவளிடம் பெரியம்மாவின் அட்டகாசத்தைச் சொன்னேன். தன் தம்பி தலைமயிரைப் பிடித்து இழுத்தால் தான் சொல்வதை எனக்குச் சொல்லித் தந்தாள்.

லியெட்ஸ் மனி மியெரா. என்னைச் சும்மா விடு.

தம்பிக்குச் சொல்லலாம், சிநேகிதிகளுக்குச் சொல்லலாம், ரீச்சருக்குச் சொன்னால் வீட்டுக்குப் போன் போகும் என்று விளக்கமும் தந்தாள். நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அதில் ஒரு ழகரம்கூட இல்லை. லோரன்ஸ் வீதி பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தபடி வழி முழுக்க வாய்க்குள் அதை உருட்டிக்கொண்டு வந்தேன். அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்போது விடியும் என்று முதல்முறையாகக் காத்திருந்தேன்.

போன் வந்தது. நான் ஒளியவில்லை. நானாகவே போய் முன்னால் நின்றேன்.

"எங்கை, சொல்லு பாப்பம்" என்றார் பெரியம்மா.

நிமிர்ந்து நின்று மூன்று சொற்களையும் சொன்னேன். லண்டன் அடங்கிப்போனது. ஒரு முழுக் குடும்பத்தின் வாயை அடைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு ஏறத்தாழ மூன்று விநாடிகள் நீடித்தது.

"என்ன பாசை உது?"

"லத்வியன்."

"எல்லாரும் ஓடிவாங்கோ. பிள்ளை லத்வியன் கதைக்கிறாள்" என்று பெரியம்மா குரல் கொடுத்தார். மாடியில் இருந்தவர்கள்கூட இறங்கி வந்தார்கள். "இன்னொருக்காச் சொல்லு பாப்பம்." என்னைச் சும்மா விடு என்று நான் ஆறு தடவை சொன்னேன். ஆறு தடவையும் கை தட்டினார்கள்.

அம்மா மட்டும் கை தட்டவில்லை. போனைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை நான் கேட்டிருக்கிறன்" என்றார். "பன்னிரண்டாம் அறை மனிசி, நான் குளிக்க வாக்கேக்கை ஒவ்வொரு நாளும் இதைத்தான் சொல்லுறவ. என்ன கருத்து?"

இல்ஸேயின் பூட்டிக்கு மறதி நோய். ஆங்கிலம் முழுவதும் மறந்துபோய்ப் பிறந்த மொழி மட்டுமே மிஞ்சியிருந்தது. அவர் ஏதோ தன்பாட்டில் முணுமுணுக்கிறார் என்றுதான் அங்கே வேலை செய்கிறவர்கள் நினைத்திருந்தார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், உண்மையைச் சொன்னால் பெரியம்மாவின் முன்னால் கையும் களவுமாக அகப்படுவேன் என்பதுதான்.

"நல்லாயிருங்கோ எண்டு கருத்து" என்றேன். வாயில் முதலில் வந்தது அதுதான்.

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பாத்தியளே அக்கா, நாலு மாசமா அவ என்னை வாழ்த்திக்கொண்டு இருந்திருக்கிறா. எனக்கு விளங்கேல்லை" என்று போனுக்குச் சொன்னார். பெரியம்மாவுக்கும் அது பிடித்துப்போனது. கோல் முடியும்போது தங்கைக்கு லத்விய மொழியில் ஒரு வாழ்த்துச் சொன்னார். அம்மாவும் திருப்பிச் சொன்னார். அக்காவும் தங்கையும் இவ்வளவு அன்பாக ஒருவரையொருவர் சும்மா விடச் சொன்னதைக் கேட்டுவிட்டு, அறைக்குள் ஓடித் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

சிரிப்பு அடங்கி வெளியே வந்தபோது, அடுத்த நாள் காலையில் அந்த மனிசிக்கும் இதைத் திருப்பிச் சொல்லப்போவதாக அம்மா சொன்னார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று சமையலறை வாசல்வரை இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

திங்கள் பின்னேரம் அம்மா சப்பாத்தைக் கழற்ற முதலே கதையைத் தொடங்கிவிட்டார். கிழவி வழக்கம்போல அம்மாவின் கையைத் தட்டிவிட்டு அதைச் சொன்னாராம். அம்மாவும் சிரித்துக்கொண்டே அதையே திருப்பிச் சொன்னாராம். கிழவி ஒரு கணம் அம்மாவை உற்றுப் பார்த்துவிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாராம். "ஈரக் கையாலை என்ரை கையைப் பிடிச்சவ. இவ்வளவு நாளிலை இதுதான் முதல்தரம்" என்றார் அம்மா. அந்தக் கிழமை முழுக்க வீட்டில் இதே கதைதான். கேட்கக் கேட்க என் பயம் போய்விட்டது. என் பொய் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்டேன். சனிக்கிழமை இல்ஸேயிடம் இதைச் சொல்ல எனக்கு அவ்வளவு அவசரம்.

ஆனால் நான் சொல்லி முடிக்குமுன் அம்மா வந்துவிட்டார். வேலை உடுப்பை மாற்றி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இல்ஸேயைக் கண்டதும் முகம் நிறையச் சிரித்தபடி அந்த மூன்று சொற்களையும் சொன்னார்.

இல்ஸே பயந்துபோய்க் கதிரையோடு பின்னால் நகர்ந்தாள். தான் ஒன்றும் செய்யவில்லையே என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மா, வாழ்த்தத்தானே செய்தேன் என்றார். வாழ்த்தா? இல்ஸே என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் கருத்தைச் சொன்னாள். எப்போது இதைச் சொல்வது என்று அம்மா கேட்டார். தனக்கு விருப்பமில்லாமல் யாராவது தன்னைத் தொட்டால் சொல்வது என்றாள் இல்ஸே.

இனி எனக்கு அடி விழும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை.

"அப்ப ஒவ்வொரு நாளும் அவ என்னட்டை..." என்று தொடங்கிய அம்மா, முடிக்காமல் பையைக் கழற்றி என் மடியில் வைத்தார். "இதை வைச்சிரு. வாறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மண்டபத்துக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருக்க எங்கள் பஸ் வந்தது, நின்றது, போனது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இவ்வளவு பெரிய பொய்க்கு ஒரு பேச்சுக்கூட வாங்காமல் தப்பிவிட்டேன். கால் மணி நேரம் கழித்து அம்மா திரும்பி வந்தார்.

"என்னம்மா சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. கதவு திறந்துதான் கிடந்தது. தட்டிப்போட்டு வெளியிலை நிண்டனான். வரச்சொன்னால் போவம் எண்டு."

"வரச்சொன்னவவோ?"

"இல்லை. என்னைப் பாத்தவ. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிட்டா."

"நீங்கள் உள்ளை போகேல்லையோ?"

"இல்லை."

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அம்மா என் மடியில் இருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. திறந்து கிடந்த கதவு, நாலு மாதமாகத் தினமும் போய்வந்த அறை, அதற்கு வெளியே கால் மணி நேரம் நின்றுவிட்டு ஒரு வேலையும் பார்க்காமல் திரும்பி வந்திருக்கிறார். இதற்காகவா ஒரு பஸ்ஸை விட்டோம் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.