அக்கா ஒத்துக்கொண்ட குளிர்

கூலாய் ஊர்ப் பக்கம் உறையவைத்த கோழி இறைச்சிக் கிடங்கில்தான் அக்காவுக்கு வேலை.

"வருஷம் முழுக்கக் குளிர்லதான் நிக்கிறேன். லீவு போட்டு இன்னொரு குளிருக்கா?" என்றவளைக் கெஞ்சிக் கூத்தாடிக் கேமரன் மலைக்கு அழைத்துப் போனேன். அவளுக்குப் பிடிக்காவிட்டால் இனி என்னோடு எங்கும் வரமாட்டாள்.

தாவரவியல் பூங்காவில் நான் ஜாக்கெட்டுக்குள் நடுங்கினேன். அவள் மெல்லிய சட்டையோடு முன்னால் நடந்தாள்.

"இதெல்லாம் குளிரே இல்ல லா, தம்பி. எங்க ஃபிரீசர்ல அஞ்சு நிமிஷம் நின்னு பாரு."

ரோஜாக்களைத் தாண்டியதும் பெரணிச் செடிகள் அடர்ந்த சரிவு வந்தது. மூடுபனியில் ஈர மண் மணத்தது. அக்கா நின்றாள். மூச்சை ஆழமாக இழுத்தாள்.

"எங்க குளிர்ல ஒரு வாசமும் இருக்காதுடா."

பூங்கா மூடும்வரை நான் வாசலில் நடுங்கிக்கொண்டே காத்திருந்தேன். அவள் அந்தச் சரிவை விட்டு வருவதாக இல்லை.