சாவியை எடுத்த பிறகும் ஓடிய இன்ஜின்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்று வந்ததும் ராஜபாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் போட்டார். பிழைப்புக்கு ஊர் வண்டிகள்; ஆசைக்கு ஒரு பழைய டீசல் கார். அதில் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் பெரிய டர்போவை மாட்டி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். பிளவக்கல் ரோட்டில் ஒருமுறை என்னை உட்காரவைத்து ஓட்டியபோது என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

வேகம் கூடக் கூட ஆயில் குறைந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. எங்கே போகிறது என்று கேட்டேன்.

"பிஸ்டன் ரிங்கத் தாண்டி காத்து கீழ எறங்குது. அது வெளிய வாரப்ப ஆயிலயும் புகையாக் கூட்டிட்டு வந்து, திரும்ப இன்ஜின் வாயிலயே கொட்டுது" என்றார்.

அதைத் தடுக்க நடுவில் ஒரு டப்பா வைத்தார். ஆயில் அதில் தங்கிவிடும், காற்று மட்டும் போகும். ஆனால் அதுவரை மாதக்கணக்கில் போன ஆயில், காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் அடியில் தேங்கிக் கிடந்தது. அதைக் கழற்றிக் கழுவுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுவரைப் பார்த்து நின்ற காரின் பானட்டைத் திறந்துவைத்து, "ஏட்டி, ஏறி உக்காந்து ஆக்சிலேட்டர மிதி. டப்பாவுல எம்புட்டு வருதுன்னு பாக்கேன்" என்றார். மிதித்தேன். "இன்னும்" என்றார்.

பின்னால் வெள்ளைப் புகை எழுந்தது. காலை எடுத்துவிட்டேன்; சத்தம் குறையாமல் ஏறியது. சாவியைத் திருப்பி உருவினேன். சாவி என் கையில் இருந்தது. டீசல் நின்ற பிறகும் இன்ஜின் அந்தத் தேங்கிய ஆயிலையே குடித்து அலறிக்கொண்டிருந்தது.

டாப் கியரில் போட்டு, பிரேக்கை அமுக்கிக்கொண்டு கிளட்சை விட்டால் நின்றுவிடும். அவர் சொல்லித் தந்ததுதான். ஆனால் அப்படி விட்டால் வண்டி ஒரு முழமாவது பாயும். காருக்கும் சுவருக்கும் நடுவே அவர் நின்றார். "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. டர்போவுக்குக் காற்று போகும் குழாயைப் பிடுங்கிவிட்டு, காற்றே போகாதபடி அந்த வாயை ஒரு பலகையால் அடைக்கப் பார்த்தார்.

அதற்குள் இன்ஜினின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு இரும்புத் துண்டுகளும் கொதிக்கும் ஆயிலும் வெளியே வந்தன. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரில் சரிந்திருந்தார்.

ராஜபாளையத்தில் கட்டுப்போட்டு மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இடது கண் போய்விட்டது. வலது கைத் தோல் சுருங்கி, விரல்கள் மடங்குவதில்லை.

பார்க்க வந்த அவருடைய அண்ணன், "இவ தெரியாம மிதிச்சிட்டாளோ" என்று என் காதுபடவே கேட்டார்.

வாயைத் திறந்தாலே வலிக்கும் நிலையில் இவர் சொன்னார்: "நான் சொல்லித்தான் மிதிச்சா. அவ மட்டும் கிளட்ச விட்டிருந்தா, நான் சுவத்தோட போயிருப்பேன்."

நான் வராண்டாவுக்குப் போய் அழுதேன்.

ஒர்க்‌ஷாப்பை விட்டுவிட்டோம். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் கேட் காவலுக்குப் போகிறார். காலையில் நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் மில்லுக்கு எதிரே இறக்கிவிடுகிறேன். இடது பக்கமிருந்து வரும் லாரி அவருக்குத் தெரியாது என்பதால் நானும் கூட நடப்பேன்; ரோட்டைத் தாண்டும்வரை என் தோளைப் பிடித்துக்கொள்வார். தாண்டியதும் கையை எடுத்துவிடுவார்.