ஆம்பளை பக்கத்துக் கல்

எனக்கு எண்பத்தாறு வயசு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். பெற்றது ஏழு. தலைமகன் பால்குடி மாறுமுன்னே போய்விட்டான். எங்கள் ஊர்ப் பழைய கோயிலின் வடக்குச் சுவருக்கு வெளியே, பெண்கள் வாசலோரம் அவனை அடக்கம் பண்ணினோம்.

அந்த மாதா கோயில் எந்தக் காலத்தில் கட்டினதோ, பங்குச் சாமியாருக்கே தெரியாது. மண்டபம் மாதிரி குட்டையான கல்தூண்கள். தூணில் தாமரையும் சிலுவையும் சேர்த்துக் கொத்தியிருக்கும். உச்சி வெயிலிலும் உள்ளே குளிரும். கிழக்கே பீடம். பூசைக்குப் பெண்கள் இடது கைப்பக்கம், வடக்கே இருப்போம். நான் சுவரை ஒட்டித் தரையில் இருப்பேன். சுவருக்கு அந்தப்புறம் என் பிள்ளை.

திருவிதாங்கூரை விட்டு நாங்கள் தமிழ்நாட்டோடு சேருவதற்குக் கொஞ்சம் முந்திக் கோயிலை இடித்தார்கள். ஆள் பெருகி இடம் போதவில்லை. புதுக்கோயிலுக்குச் சுவரை வடக்கே தள்ளிப் போட்டார்கள். பிள்ளை கிடந்த இடம் கோயிலுக்குள்ளே வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய பெண்கள் வாசலின் படிக்கல்லை அந்த இடத்தில் பதித்துத் தரும்படி கொத்தனாரிடம் கேட்டேன்.

"அதுக்கென்ன மக்களே, பதிச்சிரலாம். ஆனா அது ஆம்பளையளுக்க பக்கம்லா?"

"வடக்கு எண்ணைக்கும் பொம்பளையளுக்குள்ளதுலா, கொத்தனாரே?"

"வாசல் ரோட்டைப் பாக்கணும்ணு பீடத்தையே மேக்கே மாத்தியாச்சு. நீ இன்னும் வடக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்க! உள்ளே நுழைஞ்சு பாரு, வடக்கு எந்தக் கைப்பக்கம்ணு."

நின்று பார்த்தேன். வலது கைப்பக்கம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நான் அங்க இருக்கேன்லா, அழாத" என்றார்.

"நான் எங்க அழுதேன்?" என்றேன்.

சாகும்வரை அவர் அந்தக் கல்லில்தான் முழங்கால் போட்டார். நான் இந்தப் பக்கம் முக்காட்டுக்குள்ளிருந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆளில்லாத நேரம் போய்த் தொட்டால் என்ன என்று கேட்பீர்கள். எத்தனையோ தடவை தொட்டிருக்கிறேன். ஆனால் பூசையில் மணி அடித்து ஊரே முழங்கால் போடுகிற அந்த நேரம் அவன் பக்கத்தில் இருக்க வேண்டும், பழைய கோயிலில் இருந்தது மாதிரி. அது எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

வடக்கு வாசலுக்கு உள்ளே, கறுத்து, நடுவில் கால் பட்டுத் தேய்ந்த கல். இப்போது யார் யாரோ அதில் நிற்கிறார்கள்.

ஏலே பேரப்பிள்ள மக்கா, நான் சொன்னதையெல்லாம் எழுதிட்டேல்லா? ஞாயிற்றுக்கிழமை நீ வடக்கு வாசல் பக்கம் தூண் மறைவு தேடித்தானே நிக்க? இதை உரக்க வாசி. அந்தக் கல் எதுணு உனக்கு விளங்குதாணு பாப்போம்.