ரேஞ்சுப் பாறை

கருவாடு வறுக்கிற வாசனை வந்தால் எல்லோருக்கும் பசிக்கும். எனக்கு ஒரு பாறைதான் ஞாபகம் வரும். நேற்றும் அப்படித்தான். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பக்கத்து வீட்டு அடுப்பில் கருவாடு. அந்த வீட்டுச் சரசு மதிலோரம் நின்று போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, "ஏனுங்க்கா, உங்க ஊட்லயாச்சும் டவர் கெடைக்குதுங்களா?" என்கிறாள். இரண்டும் சேர்ந்து வந்தால் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். பழைய நாளுக்கு, மலைமேல் இருக்கிற சித்திரபுரத்துக்கே மனசால் போய்விட்டேன்.

அப்போது எனக்குப் புதிதாக வேலை. அக்கா ராணி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவளோடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் தங்கி, பக்கத்து விடுதியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் சாவி வாங்குமுன்பே, "இவிடெ ரேஞ்ச் கிட்டுமோ?" என்று சிக்னலைத்தான் கேட்பார்கள். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பேன், ஏதோ என்ஜினியர் மாதிரி. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் லயத்திலேயே ரேஞ்ச் கிடையாது. மேலே ஏறினால் தேயிலைக்கு நடுவில் ஒரு பாறை. அதன்மேல் நின்றால் ஒன்றிரண்டு கோடு காட்டும். ரகசியம் என்று எதையும் அங்கே பேச முடியாது. யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யாருக்கு மாமியாரோடு சண்டை, எல்லாம் பக்கத்தில் காத்து நிற்பவர்கள் காதில் விழுந்துவிடும்.

ஆடி மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், கீழே மலைரோட்டு வளைவுப் பக்கம் லாரியிலிருந்து கல் கொட்டுவதுபோலச் சத்தம். போய்ப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மாரியண்ணன் மூச்சிரைக்கத் திரும்பினார். "ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சு. மேல இன்னும் தொங்கிக்கிட்டு நிக்கு. யாரும் அந்தப் பக்கம் போவாதீக."

அக்கா பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே போட்டாள். அவள் வீட்டுக்காரர், என் அத்தான், ஜீப் ஓட்டுகிறவர். காலையில் சுற்றுலாக்காரர்களோடு போனவர் அந்த வளைவு வழியாகத்தான் திரும்ப வேண்டும். வளைவுக்குள் நுழைகிறவரை எதுவும் கண்ணில் படாது.

போன் நனையாமலிருக்கக் கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு அக்கா நீட்டினாள். கருவாட்டுக் கவர். அதோடு பாறைக்கு ஓடினோம். ஒரு கோடுகூட இல்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். சிம்மைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துப் போட்டேன். பின்னாலேயே லயத்து ஆட்கள் ஏறி வந்து அவரவர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏதாச்சும் பண்ணுடி! நித்தம் ஊருக்கெல்லாம் சொல்லுதல்ல?"

எப்போதோ ஒரு விருந்தினர் எரிச்சலோடு செட்டிங்ஸுக்குள் போய் 2ஜி மட்டும் என்று மாற்றிக்கொண்டு, "இவிடெ இதே நடக்கூ", இங்கே இதுதான் எடுபடும் என்று முனகியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாற்றினேன். ஒரு கோடு வந்தது. அத்தானை அழைத்தால், "பரிதிக்குப் புறத்தாணு" என்றது மலையாளப் பெண்குரல். அவர் இருக்கிற இடத்தில் ரேஞ்ச் இல்லை. மறுபடி அழைத்தேன். மறுபடியும் அவளேதான்.

"மெசேஜ் போடு தாயி," என்றார் மாரியண்ணன். "வார வழியில டீக்கடைகிட்ட ரேஞ்ச் உண்டு. அங்க வந்தா கிட்டிரும்."

"அவுக எங்க மெசேஜ் படிக்காக? எல்லாம் விளம்பரம்னு தள்ளிருவாகளே!" அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதனாலேயே ஒரே செய்தியை விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தேன். மண்ணு விழுந்துருக்கு, வராதீங்க. அந்தப் போனில் தமிழ் வராது, ஆங்கில எழுத்துத்தான். போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. முதுகில் மழை அடித்தது. அந்த நேரத்தில் கீழே மரங்கள் முறிகிற சத்தம். தொங்கிக்கொண்டிருந்த மண்ணும் இறங்கிவிட்டது. அக்கா பாறைமேலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

எத்தனை நேரமோ, போன் அடித்தது.

"ஏ புள்ள, எதுக்கு இத்தன மெசேஜ்?" அத்தான்தான்.

டீக்கடையைத் தாண்டும்போது அவர் போன் கத்த ஆரம்பித்திருக்கிறது. அவர் கண்டுகொள்ளவில்லை. தொந்தரவு தாங்காமல் பக்கத்து இருக்கையிலிருந்த மலையாளிச் சுற்றுலாக்காரர் எடுத்து உரக்கப் படித்திருக்கிறார். மண்ணு என்றால் இரண்டு மொழிக்கும் மண்ணுதானே. வண்டியைத் திருப்பி டீக்கடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அக்கா போனைப் பிடுங்கினாள். "இனிமே மெசேஜ் படிக்காம இருந்தீகன்னா..." மழையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தேயிலைக் குறுக்குவழியில் நடந்து அத்தான் வரும்வரை ஒருவரும் வீட்டுக்குள் போகவில்லை.

இப்போது லயத்துக்கு எதிரிலேயே டவர். பாறையை உன்னிச்செடி மூடிவிட்டது. போன மழைக்காலத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, நாலு வீடு தள்ளி ஒரு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். "என்ன விசேஷம்க்கா?" என்று கேட்டேன்.

"தெரியலடி," என்று போனை எடுத்தாள் அக்கா. "ஸ்டேட்டஸ்ல போட்டிருப்பாக, இரு, பாத்துச் சொல்லுதேன்."