மடிக்கு ஒரு சான்றிதழ்

எனக்குச் சொரியாசிஸ் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. முழங்கை, முழங்கால், முதுகு என்று தனக்குப் பிடித்த இடங்களில் அது சிவந்து தடிக்கும். மேலே வெள்ளைச் செதில் படிந்து உதிரும். பிறருக்கு ஒட்டாது. இதை நான் சொன்ன அளவுக்கு என் பெயரைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். கேட்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள், உடனே ஒத்துக்கொள்வார்கள். எங்கள் தெரு முனை டீக்கடைக்காரர், "ஒட்டாதுன்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ ஊற்றுவார். மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ்.

எனக்கு ஆறுதலாக இருந்த ஒரே இடம் நான் சூப்பர்வைசராக இருக்கும் ஸ்பின்னிங் மில். கோவில்பட்டியில் மில்லுக்குள் போய் வருகிற எவன் தலையிலும் தோளிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்தக் கூட்டத்தில் என் செதிலும் பஞ்சுதான். ஷிப்டு முடிந்து எல்லாரும் பஞ்சைத் தட்டும்போது நானும் தட்டிக்கொள்வேன். பெண் பார்க்கப் போன இடங்களில் பஞ்சு இல்லாமல் போனதால் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது போகட்டும்.

போகாத ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். கழுகுமலையில் கட்டிக்கொடுத்த என் ஒரே தங்கைக்கு நான் ஒரே அண்ணன். அவளுடைய மூத்த பையனுக்குக் காது குத்தியபோது, சென்னையிலிருக்கும் என் பெரியப்பா மகனை வரவழைத்து அவன் மடியில் உட்கார வைத்தார்கள். என்னிடம் தங்கை வந்து, "அண்ணே, வேன் நிறுத்துத எடத்துல ஒரு பொறுப்பான ஆளு வேணும்" என்றாள். பொறுப்பாக நிறுத்தினேன். கோயிலுக்குள் பிள்ளை வீறிட்டு அழுதது வெயிலில் நின்ற எனக்குக் கேட்டது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

ஐந்து வருடம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பதினோராம் மாதம் காது குத்து என்று முடிவானது. பெரியப்பா மகனுக்கு ரயில் டிக்கெட்டும் போட்டாயிற்று. அப்போதுதான் கொரோனா வந்து ஊரை அடைத்தார்கள்.

ஊரடங்கு எல்லாரையும் வாட்டியது. எனக்கு மட்டும் பதவி உயர்வு கிடைத்தது போல இருந்தது. யாரும் யாரையும் தொடவில்லை. வெயிலில் முழுக்கை சட்டை போட்டவனை யாரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. கடை திறக்க அனுமதித்த பிறகு டீக்கடையில் எல்லாருக்கும் பேப்பர் கப். நான் பதினைந்து வருடமாகப் பழகிய வாழ்க்கைக்கு ஊர் அப்போதுதான் வந்து சேர்ந்தது. எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் வகுப்பே எடுத்திருப்பேன்.

என்ன, களிம்பு தீர்ந்துபோனது. மருந்துக் கடையில் வரத்து இல்லை. வேறு வழியில்லாமல் வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தேன். இரண்டு நாளில் எண்ணெய் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிடும். அதைப் பூசிக்கொண்டு காலை வெயிலில் மொட்டை மாடியில் சட்டையில்லாமல் உட்கார்ந்தேன். என் முதுகு வெளியுலகத்தைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. தெருவும் என் முதுகைப் பார்த்தது. நான்காம் நாள் எதிர்வீட்டுக்காரர் நகராட்சிக்குப் போன் போட்டு, ஒருவருக்குக் கொரோனா முற்றி உடம்பெல்லாம் ஊதாவாகித் தோல் உரிகிறது என்று சொல்லிவிட்டார்.

தலை முதல் கால் வரை மூடிய உடையில் இரண்டு பேர் வந்தார்கள். "இது சொரியாசிஸ் சார்" என்றேன். "இருக்கட்டும் சார், மூக்கக் காட்டுங்க" என்றார்கள். மூக்கிலும் தொண்டையிலும் குச்சியை விட்டு எடுத்துக்கொண்டு, வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் முடிவு வந்தது. தெருக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், 'நோய்த்தொற்று இல்லை' என்று எழுதி வட்ட முத்திரை குத்திய ஒரு தாளையும் தந்தார்கள். கொரோனா என்ற சொல் மேலே சின்ன எழுத்தில் மங்கிக் கிடந்தது.

பயந்துபோயிருந்த தங்கைக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் மாமியாரிடம் காட்டியிருக்கிறாள். மறுநாள் அந்த அத்தையே போனில் வந்தார்கள். எப்போது பேசினாலும் கேட்கிற கேள்வியைத்தான் முதலில் கேட்டார்கள்.

"மில்லு தொறந்தாச்சா தம்பி?"

"இன்னும் இல்ல அத்தை. பூட்டித்தான் கெடக்கு."

"சரி. பேப்பரப் பாத்தேன். ஒட்டாதுன்னு கெவருமெண்டே சோதிச்சு எழுதிக் குடுத்துட்டாம்லா! இத முன்னமே வாங்கியிருக்கலாம்லா தம்பி? மெட்ராசுக்காரனுக்குப் பாஸு கெடைக்கல. நீயே வந்து உக்காந்திரு."

அது வேறு நோய்க்கான தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையைப் பதினைந்து வருடம் சொல்லி வேன் நிறுத்தும் வேலைதான் கிடைத்தது. தவறான தாள் ஒரே நாளில் மடியை வாங்கிக் கொடுத்துவிட்டது. "வாரேன் அத்தை" என்றேன். போனை வைத்த பிறகு தாளை எடுத்து இன்னொரு தடவை படித்தேன். யாராவது அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டால் என்ன செய்வது?

கோயில் அடைத்திருந்ததால் வீட்டிலேயே வைத்தார்கள். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பைக்கில் போனேன். வீட்டார் நாலு பேர், நாவிதர், ஆசாரி, நான். தங்கை வாசலில் சோப்பு கொடுத்தாள். எல்லாரும்தான் கழுவினார்கள், இருந்தாலும் நான் இரண்டு தடவை கழுவினேன். என் மடியில் வைத்து மொட்டையடித்து, குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, காது குத்த மறுபடி என் மடியில் வைத்தார்கள். இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்து, வாயில் போடப் பார்த்தாள்.

"பிள்ள தலைய ஆட்டுது. கைய மடக்கிவிட்டு நல்லா இறுக்கிப் பிடிங்க அண்ணாச்சி" என்றார் ஆசாரி.

யோசிக்காமல் சட்டைக் கையை மேலே மடக்கினேன். முழங்கையிலிருந்து ஒரு செதில், நகம் அளவு இருக்கும், சந்தனத்தின் மேல் போய் உட்கார்ந்தது. மஞ்சளில் வெள்ளை. இரண்டு கையாலும் பிள்ளையைப் பிடித்திருந்ததால் என்னால் எடுக்கவும் முடியவில்லை. ஆசாரியின் கை நின்றது. மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். தங்கையின் முகம் செத்துவிட்டது. இப்போது வந்து பிள்ளையைத் தூக்கிவிடுவார்கள் என்று நினைத்துப் பிடியைத் தளர்த்தினேன்.

அத்தைதான் எழுந்து வந்தார்கள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். வெறும் விரலால் அந்தச் செதிலை எடுத்து, கீழே போட்டார்கள்.

"ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? மில்லுல வேலை பாக்குதவன் மேல பஞ்சு இருக்கத்தான் செய்யும்" என்று தங்கையை அதட்டிவிட்டு, ஆசாரி பக்கம் திரும்பி, "நீரு குத்தும்" என்றார்கள்.

மில் பூட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. பிள்ளை வீறிட்டு அழுதாள். நானும் அழுதேன், மாஸ்க் கண்ணை மறைக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. பையிலிருந்த தாளைக் கடைசிவரை யாரும் கேட்கவில்லை.